விளக்கு வைத்த விளம்பரம்

கம்ப்யூட்டரில் இருக்கும் பெயிண்டில் நான் முதன்முதலில் உருப்படியாக வரைந்தது ஒரு குத்துவிளக்கு. மற்றவர்கள் வீடு, மலை, சூரியன் என்று தொடங்கியிருப்பார்கள். எனக்கு வந்து சேர்ந்த முதல் வேலையே ஓர் இரங்கல் விளம்பரம்தான்.

கம்பம் பக்கத்துச் செய்திகளைப் போடும் சின்ன இணையதளம் ஒன்றை எங்கள் சொந்தக்காரத் தம்பி ஒருவன் நடத்துகிறான். மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் துணி போர்த்திக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தான். "யக்கா, நீங்க சும்மாதானே இருக்கீக, எனக்கு பேனர் போட்டுத் தாங்களேன்" என்றான். சும்மா இருக்கிறேன் என்றதற்கு அவனைக் கொஞ்சம் காய்ச்சி எடுத்துவிட்டுத்தான் சம்மதித்தேன். பேனர் என்றால் முக்குக்கு முக்குக் கட்டும் ஃபிளக்ஸ் என்று நினைத்திருந்தேன். இது இணையப் பக்கத்தின் தலையில், ரிப்பன் கணக்காக நீளமாகக் கிடக்கும் ஒரு பட்டை.

கோட்டுக் கருவியால் தண்டு, வட்டத்தை நசுக்கித் தட்டு, மஞ்சள் ஸ்பிரேயால் சுடர். அந்த விளக்கை வரைய ஒரு பகல் பிடித்தது. அதை நகல் எடுத்து மறுபக்கமும் ஒட்டி, நடுவில் வட்டத்துக்குள் இறந்தவரின் போட்டோவை வைத்தபோது, நானே கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயிண்டில் ஒரு தொல்லை உண்டு. எழுத்தை எழுதிவிட்டு வெளியே ஒரு கிளிக் செய்தால், அது படத்தோடு படமாக ஒட்டிக்கொள்ளும். தப்பென்றால் அந்த இடத்தையே அழித்து, வண்ணம் ஊற்றி, மறுபடி எழுத வேண்டும். அதனால் நான் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. அந்த இரங்கல் விளம்பரத்தையே திறப்பேன், எழுத்தை அழிப்பேன், நடுவில் வேறு படத்தை வைப்பேன், வேறு பெயரில் சேமிப்பேன். விளக்குகளை மட்டும் தொடமாட்டேன். அவ்வளவு பாடுபட்டு வரைந்ததை அழிக்க யாருக்கு மனசு வரும்? விளக்கு மங்களகரம்தானே என்று சமாதானம் வேறு. டியூஷன் சென்டர், பலகாரக் கடை, மாட்டுத்தீவனம் எல்லாவற்றுக்கும் விளக்கு வைத்தேன். போர்வெல் லாரிக்கே இரண்டு பக்கமும் விளக்கு ஏற்றிய ஆள் நான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவற்றில் எதிலும் மனித முகம் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முகத்தோடு வந்த முதல் விளம்பரம் எங்கள் தெரு அக்காவுடையது. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். சொந்த அக்கா இல்லை. ஆனால் நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து, குழம்புக்கு உப்புக் குறைந்தால்கூட அங்கேதான் போய் நிற்பேன். அவர்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையில் விலை போகாமல் மிஞ்சுவதை அக்கா ஜாமாகவும் ஸ்குவாஷாகவும் காய்ச்சி பாட்டிலில் அடைப்பார். "ஊரு பூராம் விளம்பரம் போடுறே, எனக்கு ஒண்ணு போடமாட்டியாத்தா?" என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க மூஞ்சி இருந்தாத்தான்கா சனம் நம்பும்" என்றேன். அன்றைக்குத் தலை சீவவில்லை என்று அக்கா போட்டோவுக்கு நிற்க மறுத்துவிட்டார். எதற்கோ ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். சிரிக்காத முகம், நேரான பார்வை. அதை வட்டமாக வெட்டி விளக்குகளுக்கு நடுவில் வைத்தேன். இடதுபக்கம் திராட்சை ஜாம், வலதுபக்கம் போன் நம்பர், முகத்துக்குக் கீழே ஊர்ப் பெயர். கம்ப்யூட்டரில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பட்டை நீளமாக இருந்தால் போனில் இரண்டு முனையும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. போனில் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. என் கைவேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு.

விளம்பரம் ஏறிய மறுநாள் மத்தியானம், வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் தெருவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தோளில் துண்டு, ஒரு கையில் ஜவுளிக்கடைப் பை, இன்னொரு கையில் பாலிதீன் பை.

"ஏத்தா, இங்கன துட்டி வீடு எது?"

"நம்ம தெருவுல சாவு எதும் இல்லையேண்ணே. யாரு வீட்டுக்கு வந்தீக?"

"எந்தங்கச்சி வீட்டுக்குத்தான். கொட்டுச் சத்தத்தையும் காணோம், பந்தலையும் காணோம்." அவர் குரல் கம்மியது. "எடுத்துட்டாகளா?"

மயிலாடும்பாறையிலிருந்து வருவதாகச் சொன்னார். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். அக்கா மகளைத் தன் மகனுக்குக் கேட்டார். அந்தப் பிள்ளை நர்ஸுக்குப் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டது. அன்றைக்கு இந்தத் தெருவில் நின்று, "இனி உனக்குக் கோடி போடத்தான் இந்த வாசலை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை. கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்துவார்கள். அதுதான் கோடி. அக்கா இதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும், பிறந்த வீட்டுச் சீர் வராத நாளில், கட்டாயம் சொல்லுவார்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். யாரோ படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். அக்காவின் முகம், இரண்டு பக்கமும் என் விளக்கு, கீழே எங்கள் ஊர்ப் பெயர். ஜாமும் இல்லை, நம்பரும் இல்லை. அதற்கடியில் வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

ஈரக் கையோடு எழுந்து நின்றேன். "அண்ணே, அக்கா நல்லா இருக்காக. உள்ள ஜாம் காச்சிக்கிட்டு இருக்காக. இது ஜாம் விளம்பரம்ண்ணே. நாந்தான் போட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். அவரோ எங்கள் துவைக்கிற கல்லில் மெதுவாக உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலையில் சேதி கேட்டதும் கிளம்பி, கடமலைக்குண்டில் இறங்கிச் சேலை எடுத்து, தேனியில் மாலை வாங்கி, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். வழியெல்லாம் அழுதிருப்பார் போல, கண் வீங்கியிருந்தது.

"பெறகு எதுக்குத்தா விளக்கு வச்ச?" என்று கேட்டார்.

அழிக்க மனசு வரவில்லை என்றா சொல்வேன்? அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

தண்ணீர் குடித்ததும்தான் அவருக்குக் கையிலிருந்த பைகள் நினைவுக்கு வந்தன. பதறிப்போய் இரண்டையும் என்னிடம் தள்ளினார். "இதுக ரெண்டும் அவ கண்ணுல படக்கூடாது. எங்கனயாச்சும் ஒளிச்சு வையித்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மாலை இருந்த பையை உள்ளே கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே வைத்தேன். சேலைப் பையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவசரத்தில் அது கல்லின் மேலேயே இருந்துவிட்டது. நான் திரும்பி வருவதற்குள் அக்கா தெருவில் நின்றார்.

"அண்ணே" என்றார். அண்ணன் எழுந்து நின்று தரையைப் பார்த்தார். அக்கா பையைப் பார்த்தார். பச்சை முந்தி வெளியே தெரிந்தது.

"எனக்காண்ணே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஆமாத்தா. ஒனக்குத்தான்."

அக்கா அந்தச் சேலையை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ரவிக்கைத் துணி இல்லை, மஞ்சள் குங்குமம் இல்லை, பூ இல்லை. சீர் கொடுக்க வந்தவர் வெறும் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு வருவாரா என்று அக்கா கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அண்ணனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சிரித்துப் பேசிச் சோறு போட்டார். சாயங்காலம் அண்ணன் இரண்டு பாட்டில் ஜாமோடு பஸ் ஏறினார்.

இணையதளத் தம்பிக்குப் போன் போட்டுக் கத்திப் படத்தை எடுக்கச் சொன்னேன். அவன் சிரிக்கிறான். "யக்கா, நம்ம தளத்துலயே சனம் அதிகமாப் பாத்தது இந்த பேனரைத்தான்" என்கிறான். அதோடு போகவில்லை. துக்கம் விசாரிக்க வந்து அசடு வழிந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் போக, ஜாம் பேர் வாங்கிவிட்டது. அக்கா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்தப் பிள்ளை போட்ட விளம்பரத்துலதான் எங்கண்ணன் வந்தாக, யாவாரமும் வந்துச்சு" என்று என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். திட்டு வாங்கியிருந்தால்கூடச் செரித்திருப்பேன். இந்தப் பாராட்டு தொண்டையிலேயே நின்றது.

மாலையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. சாவுக்கு வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது. குப்பையில் போடவும் கை வரவில்லை. ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய நல்ல கனமான மாலை, அறை முழுக்க மணத்தது. அந்த வாசனையில் உட்கார்ந்து எனக்கு வேறு விளம்பரம் போடவும் முடியவில்லை. மறுநாள் காலையில் என் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் வாய்க்கால் தண்ணீரில் விட்டேன். யாராவது பார்க்கிறார்களா என்று திருடி மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அந்தப் பச்சைச் சேலையை அடுத்து வந்த வெள்ளிக்கிழமையே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பிறகு கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அதுதான். "எங்கண்ணன் எடுத்துக் கொடுத்தது" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். பிணத்துக்கு எடுத்த சேலையை உயிரோடு இருக்கிறவர் உடுத்துகிறார், அது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று போவேன். அக்கா காப்பி போட்டுத் தருவார். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

அடுத்த திராட்சைப் பருவத்துக்குப் புது விளம்பரம் வேண்டும் என்றார் அக்கா. இந்தத் தடவை புதுப் போட்டோ. தலை சீவி, பூ வைத்து, அதே பச்சைச் சேலையில் எங்கள் வீட்டுச் சுவரோரம் வந்து நின்றார். போனைப் பிடித்து, "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றேன்.

"அன்னைக்கு எங்கண்ணன் கொண்டாந்த மாலையை எங்கன போட்ட?"

போனை இறக்கிவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

"வாய்க்கால்ல விட்டேன்கா" என்றேன்.

"நல்லதாப் போச்சு." அக்கா முந்தியைச் சரிசெய்துகொண்டார். "அன்னைக்குக் காலையிலேயே அந்தப் படத்தைப் பாத்துட்டு மக போன் போட்டு ஒப்பாரி வச்சுட்டா. இந்தச் சேதி மயிலாடும்பாறைக்கும் போயிருக்கும்னு தெரியும். வருவாகளா, மாட்டாகளான்னு சன்னல்லயேதான் நின்னேன். ரெண்டு பையோட வந்ததையும் பாத்தேன், நீ ஒரு பையை உள்ள கொண்டுபோனதையும் பாத்தேன்."

"தெரிஞ்சுமாக்கா வாங்கினீக? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா?"

"கேட்டா சேலையைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருப்பாகள்ல."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். நான் கேட்ட சிரிப்புதான். போனை உயர்த்திப் படம் எடுத்துவிட்டேன்.

அன்று பழைய கோப்பைத் திறக்கவில்லை. பெயிண்டில் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் அக்காவின் படத்தை வைத்தேன். பின்னணிக்குச் சேலையின் நிறத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று வண்ணம் எடுக்கும் கருவியை முந்தியில் வைத்து அழுத்தினேன். அச்சு அசல் அந்தப் பச்சை வந்து நின்றது. கோடிக்கு எடுத்த நிறத்தை ஊற்றக் கை வரவில்லை. வெள்ளையாகவே விட்டு, போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்பினேன்.