சீட்டு இல்லாத பண்டல்

1. என் யோசனை, என் கையெழுத்து

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் திருப்பூருக்கு வெளியே ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். அறைகள் இரண்டு, ஆசிரியர்களும் இரண்டு பேர்: நானும் ஸ்டெல்லா டீச்சரும். எங்களையும் சுற்றியிருந்த பள்ளிகளையும் சேர்த்து ஏழு பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம். மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடுவோம். பயிற்சி என்று பெயர்; பாதி நேரம் டீ, வடை, மாறுதல் பேச்சு.

அங்கே உருப்படியாக ஒரு காரியம் நடந்தது. எங்கள் பிள்ளைகளில் பலர் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்களின் பிள்ளைகள். கம்பெனி மாறினால் வீடு மாறும், பள்ளி மாறும். டி.சி. வாங்க வந்தால் ஒரு ஷிப்ட் போய்விடும் என்று பெற்றோர் வருவதில்லை. நடுவில் பிள்ளை எங்கே நின்றுபோனது என்றே தெரியாது. அதனால் பெற்றோர் அலைய வேண்டாம், பழைய பள்ளிக்காரர் அடுத்த சனிக்கிழமையே டி.சி.யைக் கொண்டுவந்து புதிய பள்ளிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். 'ஏழும் ஒரே பள்ளி' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியவள் நான். யோசனையும் என்னுடையதுதான். கொஞ்ச நாள் மிதப்பாகத் திரிந்தேன்.

2. ரப்பர் ஸ்டாம்ப் பொய்

அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு முத்துச்செல்வி வரவில்லை. அவள் அம்மா பேச்சியம்மாள் வேறு கம்பெனிக்கு மாறியதால், பழனிச்சாமி சார் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அவர் டி.சி. கேட்டார்.

ஆகஸ்டில் பதிவேட்டுப் பெயர்களை எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம் தருவார்கள். அந்த ஒரு பெயரை அடித்தால் ஸ்டெல்லா டீச்சர் உபரி. பணி நிரவல் என்று அவரை வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். ஐந்து வகுப்பையும் நான் ஒருத்தியாக மேய்க்க வேண்டும். அதனால் ஜூனில் ரப்பர் ஸ்டாம்ப் பீரோவுக்குள் மாட்டிக்கொண்டது என்றேன். ஜூலையில் மறந்துவிட்டேன் என்றேன். என் சர்வீஸிலேயே அவ்வளவு கேவலமான பொய் சொன்னதில்லை.

பழனிச்சாமி சாருக்குப் புரிந்திருக்கும். ஆனால் சத்தம் போடத் தெரியாத மனிதர்.

"புள்ள வந்து உக்காந்துக்குதுங்க டீச்சர். பேரு எழுதத்தான் வழியில்லீங்க," என்றார்.

3. பேச்சியம்மாள் வந்தார்

கணக்கெடுப்புக்கு முந்தின வாரம் பேச்சியம்மாளே வந்து நின்றார். முடியெல்லாம் பனியன் பஞ்சு. அரை ஷிப்ட் விட்டு வந்திருந்தார். பெயர் இல்லாததால் மகளுக்குப் புத்தகம் வரவில்லை, சீருடை வரவில்லை. ஆஜர் எடுக்கும்போது எல்லோரையும் கூப்பிட்டு இவளை மட்டும் கூப்பிடுவதில்லை. 'நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே இல்லை' என்று அழுது இரண்டு வாரமாகப் போகவில்லையாம். கம்பெனியில் பிசிறு நூல் வெட்ட ஆள் கேட்கிறார்கள், திங்கட்கிழமை இவளைக் கூட்டிப் போகலாமென்று இருக்கிறேன் என்றார்.

நான் ஏதோ விதிமுறை பேசினேன். பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், கட்டிங்ல இருந்து தையலுக்கு ஒரு பண்டல் போகுதுன்னா, எந்தத் துணி, எந்த லாட்டுன்னு சீட்டுக் கட்டித்தான் அனுப்புவாக. சீட்டு இல்லைன்னா எந்த டெய்லரும் தொட மாட்டாக. வெறும் துணிக்கே அப்படி. எம்புள்ளைய மட்டும் சீட்டில்லாம விட்டுட்டீகளே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த அறை வாசலில் நின்று ஸ்டெல்லா டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அதுவரை அவருக்கு விஷயமே தெரியாது. உள்ளே வந்தார். பீரோவைத் திறந்தார். டி.சி. புத்தகத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க டீச்சர்," என்றார்.

எழுதினேன். மை காயும்வரை பேச்சியம்மாள் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

4. செவ்வாயும் வியாழனும்

ஸ்டெல்லா டீச்சர் உபரியானார். போட்டது எங்கே? பிள்ளைகள் அதிகமாக இருந்த பழனிச்சாமி சார் பள்ளியில். எனக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்பு ஒன்றாம் வகுப்பை அதட்ட, ஐந்தாம் வகுப்பு மூன்றாம் வகுப்பை அதட்ட, பள்ளி ஓடியது. தொண்டை கட்டிப்போனது.

செப்டம்பர் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பழனிச்சாமி சார் எழுந்து, செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் ஸ்டெல்லா டீச்சரை என் பள்ளிக்கு அனுப்புவதாகவும், அதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டதாகவும் சொன்னார். வெளியே வந்ததும், நான் செய்ததற்கு இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏழும் ஒரே பள்ளின்னு நீங்கதானுங்களே எழுதுனீங்க," என்றார்.

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு எங்கள் மையத்தில் டி.சி.க்குப் பெயரே பண்டல் சீட்டு. கூட்டம் தொடங்கியதும் டீக்கு முன்னால் அதுதான் கைமாறும். இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். மற்ற பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்வதாக யாரும் கையெழுத்துப் போடலாம். ஆனால் அப்படிச் சேர்ந்ததால் நம் பதிவேட்டில் ஒரு பெயர் குறைகிற அன்றுதான் கையெழுத்தின் லட்சணம் தெரியும்.

முதல் செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா டீச்சர் பையை வைப்பதற்குள் முத்துச்செல்வி வருகிறாளா என்று கேட்டேன்.

"வர்றா டீச்சர். பேர் கூப்பிட்டா எல்லாரும் ஒருதடவை 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லுதுங்க. அவ மட்டும் ரெண்டு தடவை சொல்றா."