சவிரி அண்ணை எழுதித் தந்த பக்கம்

சவிரி அண்ணை போய்விட்டார்.

காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது அவருடைய மகள் மெசேஜ் போட்டாள், டேனிஷில். இரண்டு தரம் வாசித்தேன். வேலைக்கு சுகமில்லை என்று சொல்லிவிட்டு குசினிக் கதிரையில் அப்படியே இருக்கிறேன்...

அவரைத் தெரியாதவர்களுக்கு... மன்னார்க்காரர். இங்கே டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் ஃபக்டரி வேலை. ஹேர்னிங்கில் எங்கள் சின்னத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். தலைவர் என்றால் கூட்ட ஹோல் திறக்கிறதும் கோப்பி ஊற்றுகிறதும் அவர்தான்.

கூட்டத்தில் சண்டை வந்து சத்தம் கூடினால் அவர் வாயே திறக்கமாட்டார். எழும்பி, வெறும் கதிரைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்குவார். பிறகு நாங்கள் எழும்ப எழும்ப எங்கள் கதிரைகளையும் எடுத்து அடுக்குவார்.

"நிண்டுகொண்டு கனநேரம் கொழுவ ஏலாது பிள்ளை" என்று என் காதுக்குள் சொல்வார்.

யுத்தம் முடிந்த வருஷம். கொப்பன்ஹேகன் வீதிகளில் பதாகை பிடித்து நின்ற கால் நோவு எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நேரம்தான் இங்கே ஒரு டேனிஷ் நிதியம், ஊரில் உதவி வேலை செய்யக் காசு தருவதாக விண்ணப்பம் கேட்டது.

ஒரு கண்டிஷன். உடனடி நிவாரணம், வீடு தொழில், சனங்களுக்கிடையில் சமாதானம்... மூன்றும் ஒரே ப்ராஜெக்டில் இருக்க வேண்டும். வேலையும் கடலின் இரண்டு கரையிலும் நடக்க வேண்டும். இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்புகிறவர்களோடும், மன்னாரில் அவர்கள் வந்து சேர்கிற ஊரோடும்.

"அரிசியும் தறப்பாளும் கேட்டா, கூடவே சமாதானத்தையும் வாங்கு எண்டுறாங்கள்" என்று சங்கத்தில் ஒருவர் நக்கலடித்தார். எல்லோரும் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை.

அவருடைய தங்கச்சி குடும்பம் அப்போதுதான் இந்திய முகாமிலிருந்து ஊர் திரும்பியிருந்தது. சொந்தக் காணிக்குள் போக ஆமி இன்னும் விடவில்லை. வெறுமனே கிடந்த ஒரு வீட்டில் போய் இருந்தார்கள். அது றஹீம் நானாவின் வீடு. பல வருஷத்துக்கு முன் இயக்கம் ஊரை விட்டுத் துரத்திய முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவர்களும் அகதிகளாய் இருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வரப்போகிறார்கள் என்று கதை வந்திருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'இந்த இடத்தில் யாருக்கும் யாருக்கும் இடையில் பிணக்கு? ஏன்?'

அண்ணை அதற்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். ஃபக்டரியின் ஷிஃப்ட் தாளின் பின்பக்கத்தில். டேனிஷில் எழுதுவது என் வேலை. சங்கத்தில் எனக்குத்தான் டேனிஷ் ஓடும் என்று பெயர்.

அதில் இப்படி எழுதியிருந்தார். "என்ர தங்கச்சி இருக்கிறது றஹீம் நானாவின்ர வீட்டில. அவையள் போகேக்க நாங்கள் படலைக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ரெண்டு பகுதியும் முதல்ல ஒண்டா இருந்து கதைக்கவேணும். என்ர தங்கச்சிக்கு வேற இடத்தில ஒரு வீடு வேணும். அந்த வீட்டை அவையளுக்கு நாங்களே திறந்து குடுக்கவேணும்."

நான் அதை எழுதவில்லை.

இவ்வளவு அழிந்து, இவ்வளவு செத்து, அந்த வருஷத்திலா நாங்களும் பிழை விட்டோம் என்று எழுதுவது? எங்கட வீட்டுக் கதையை வெள்ளைக்காரருக்கு ஏன் சொல்லவேணும் என்று நினைத்தேன். மானம், ரோசம்... என்னவோ.

'இரு சமூகங்களும் சகோதரர்கள் போல் ஒற்றுமையாக வாழ்கின்றன' என்று எழுதினேன். அழகான டேனிஷில். அண்ணை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். என்னில் அவ்வளவு நம்பிக்கை.

பதில் வந்தது. பிணக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் இந்தத் திட்டத்துக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை, நிவாரணத்துக்கு மட்டும் என்றால் வேறு இடத்தில் கேளுங்கள் என்று.

"என்னவாம் பிள்ளை?" என்று அண்ணை பக்கத்தில் நின்று கேட்டார்.

"காசு முடிஞ்சுதாம் அண்ணை. கனபேர் கேட்டவையாம்."

"பரவாயில்லை, அடுத்த முறை பாப்பம்" என்றார். அடுத்த வருஷம் அந்த நிதியம் வேறு நாட்டுப் பக்கம் போய்விட்டது.

பிறகு றஹீம் நானா குடும்பம் வந்துவிட்டது. அண்ணை அந்த நேரம் லீவில் ஊரில் நின்றார். திரும்பி வந்து எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

"தங்கச்சி சட்டி பானையெல்லாம் ட்ரக்டரில ஏத்தினவ. நானா ரோட்டில நிண்டவர். ரெண்டு பேரும் ஒராளை ஒராள் பாக்கேல்லை. நானும் ஒண்டும் கதைக்கேல்லை பிள்ளை. திரும்பவும் ஒண்டும் கதைக்கேல்லை."

நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

இருக்க வேறு வீடில்லாமல் தங்கச்சி குடும்பம் திரும்பக் கடல் கடந்து இந்தியாவுக்கே போய்விட்டது. இன்றைக்கும் அதே முகாம்தான். அண்ணை அதற்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. கேட்டால் முழங்கால் நோ என்பார்.

வெள்ளிக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் அடக்கப் பூசை. வைக்கிறது டேனிஷ்காரப் பாதர்; நாங்கள் சுவாமி என்போம். முகாமிலிருந்து தங்கச்சி வீடியோவில் பார்ப்பாராம்.

கொஞ்சம் முன் அண்ணையின் மகள் போன் எடுத்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. "அக்கா, சுவாமி சொல்லுறதை நீங்க மாமிக்குத் தமிழில சொல்லுவீங்களா? முக்கியமான பேப்பர் எண்டா அக்காட்ட குடு எண்டுதான் பப்பா எப்பவும் சொல்லுறவர்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுத்தான் அழுகை வந்தது. பிறகு இதை எழுத இருந்தேன்.

அண்ணை, வெள்ளிக்கிழமை வர முதல் உங்கட தங்கச்சிக்குப் போன் எடுத்து இதெல்லாத்தையும் நானே சொல்லுவன். அதுக்குப் பிறகும் அவ என்ர குரலைக் கேக்கச் சம்மதிச்சா, சுவாமி சொல்லுறதைச் சொல்லுறன்.

நீங்கள் ஆறுதலாய்ப் படுங்கோ.