கணக்கு யார் பேரில்?

கடைக்காரர்களுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுக்கும் வங்கி வேலையில் பணத்தை எண்ணுவது சுலபம். பேரை எழுதுவதுதான் கஷ்டம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்திலிருந்து ஏற்காடு கிளைக்கு மாற்றலாகிப் போன பெண் குமாஸ்தா நான். முதல் நாளே மேனேஜர் விதிகளைச் சொன்னார். தனி ஆள் வியாபாரம் என்றால் முதலாளி கையெழுத்து. கூட்டு என்றால் கூட்டாளிகள் எல்லாருடைய கையெழுத்தும். ஒருவரே இரண்டு தொழில் செய்தால் இரண்டு கணக்கு. கேட்கும்போது நன்றாகத்தான் புரிந்தது.

ஜீப்புக்கு முதலாளி

மஞ்சக்குட்டை பெரியசாமி காப்பிக்கொட்டை வாங்கி விற்பவர். ஒரு ஜீப்பும் வாடகைக்கு ஓட்டினார். இரண்டு வரவும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தன. ஜீப்புக்குத் தனிக் கணக்கு தொடங்கலாம் என்று ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். பிரித்தால் உரிமையாளர் இடத்தில் பாப்பாத்தி என்று இருந்தது. அவருடைய சம்சாரம். "அவ நகையை வித்து வாங்குனதுங்க, அவ பேருலதான் இருக்கோணும்னு மாமனார் ஒத்தக்கால்ல நின்னுட்டாரு" என்றார். அப்படியானால் கணக்கும் அந்த அம்மா பேரில்தான் என்றேன். அவர் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். பாப்பாத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். செக்கில் கையெழுத்துப் போட வீட்டுக்காரருக்கும் அதிகாரம் தரலாமா என்று கேட்டேன். கல்யாணமாகி இருபது வருஷமான அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரு மாசம் போகட்டுங்க அம்மிணி, ஆளு எப்படின்னு பாத்துட்டுச் சொல்றேன்."

ஒரே பேரில் இரண்டு கடை

மலையில் பாதிக் கடைக்கு மலைச்சாமி சேர்வராயன் பேர்தான். எங்கள் கிளையில் மட்டும் சேர்வராயன் ஸ்டோர்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று கந்தனுடையது, இன்னொன்று ராமனுடையது. கந்தன் கட்டிய தொகையை நான் ராமன் கணக்கில் எழுதிவிட்டேன். சேலம் அரிசி மண்டிக்குக் கந்தன் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பியது. கோயில் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மண்டிக்காரர் சரக்கை நிறுத்திவிட்டார். கந்தன் வந்து சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கே தவறு என்று புரியாமல் லெட்ஜரைப் புரட்டினேன்.

அப்போது ராமன் பாஸ்புக்கோடு உள்ளே வந்து, தன் கணக்கில் பணம் அதிகமாக இருக்கிறது என்றார். மேனேஜரே மண்டிக்குப் போன் செய்து தவறு எங்களுடையது என்று சொல்ல, சாயங்காலம் லாரி மலையேறியது. மன்னிப்புக் கேட்ட என்னிடம் ராமன் சொன்னது: "மூணு நாளா நாந்தான் தப்பாப் படிக்கிறேன்னு நெனச்சேனுங்க, படிச்சவங்களும் தப்புப் பண்ணுவீங்கன்னு தெரியாதுங்களே."

அண்ணனும் தம்பியும்

கூட்டாக ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த அண்ணன் தம்பி இருவர். அண்ணன் ஏற்காட்டில், தம்பி அடிவாரத்தில் குப்பனூரில். பாகத்தகராறில் பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். சனிக்கிழமைதோறும் என் மேஜைக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். "அவரைப் பேனாவைக் குடுக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்வார்கள். யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான் காலண்டரைப் பார்த்துப் பேசுவேன்.

பழம் பறிக்கும் காலத்தில் ஒரு சனிக்கிழமை தம்பி வரவில்லை. கூலிக்காக முப்பது பேர் வாசற்படியில் காத்திருந்தார்கள். அண்ணன் ஒற்றைக் கையெழுத்தோடு கெஞ்சினார். மேனேஜர் தலையசைத்து மறுத்துவிட்டார். கவுண்டர் மூடச் சில நிமிஷம் இருக்கையில் தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "கொழந்தைக்கு நாலு நாளாக் காச்சலுங்க, ஆஸ்பத்திரியில இருந்து வரேன்" என்றார், என்னைப் பார்த்து.

அண்ணன் செக்கை என் மேஜையிலேயே விட்டுவிட்டு, எட்டு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பி பக்கம் திரும்பினார்: "கையெழுத்துக்கு ரெண்டு பேரு வேணும், கொழந்தைக்குக் காச்சல்னா மட்டும் நீ ஒருத்தன் போதுமாடா?"

ஆறு வருஷம் கழித்து மாற்றலாகிப் புறப்பட்டபோது, இந்தக் கணக்குகளையெல்லாம் எப்படிப் பிரித்திருக்கிறீர்கள் என்று கேட்ட புது ஆளிடம், எனக்கே கடைசிவரை புரியாததை "போகப் போகப் புரியும்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.