பம்பரத்துக்காகத் தொங்கிய சிவப்பு அட்டை

என் வலது கால் கட்டைவிரலில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால் கன்டெய்னர் விழுந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கன்டெய்னர் விழுந்திருந்தால் இந்த விரல் எப்படி மிஞ்சியது என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. உண்மையில் அது பம்பர ஆணி. விட்டது என் மகள்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சேஃப்டி சூப்பர்வைசர். காலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, இன்றைக்கு யார் யார் எப்படியெல்லாம் சாக வாய்ப்பிருக்கிறது என்று விளக்குவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கிரேன் ஓட்டுகிறவர்கூடக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார். வீட்டில் அந்த மரியாதை கிடையாது. மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் எதையெல்லாம் நினைத்துப் பயப்படுகிறேனோ, அதையெல்லாம் அவள் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

மகள் நாலாம் வகுப்பு. கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்துப் பிறந்தவள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ ஒரு கரடி பொம்மை கொடுத்தார்கள். கண்ணுக்குப் பொத்தான் தைத்திருந்தது. பிய்த்து விழுங்கிவிட்டால் என்ன ஆவது என்று அன்றைக்கே இரண்டு பொத்தானையும் வெட்டி எறிந்தேன். கொஞ்சம் விவரம் தெரிந்ததும் அவள் ஸ்கெட்ச் பேனாவால் அந்தக் கரடிக்குக் கூலிங் கிளாஸ் வரைந்துவிட்டாள். அதைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை.

திருவொற்றியூரில் கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய அடுக்குமாடிக் கட்டிடம் எங்களுடையது. கட்டிடத்துக்குப் பின்னால் மதில் சுவரோடு ஒரு காலியிடம், அதற்கு ஒரே ஒரு இரும்பு கேட். எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகளும் பக்கத்து மீனவர் தெருப் பிள்ளைகளும் சாயங்காலமானால் அங்கேதான். இந்த வருஷக் கோடை விடுமுறையில் அவர்களுக்குப் பம்பரப் பைத்தியம் பிடித்தது. மகள் தன் தலை கிளிப்பைக் கொடுத்து, மீனவர் தெருத் தோழியிடம் ஒரு பம்பரம் வாங்கி வந்தாள். பச்சையும் சிவப்புமாக நல்ல அழகான பம்பரம். நான் பார்த்ததோ ஆணியை மட்டும்தான்.

"இத்த வெச்சிகினு நீ இன்னா பண்ணப் போற?"

"சுத்த வுடப் போறேன். பின்ன, தோசையா சுடுவாங்க இதுல?"

"ஆணி கீதே."

"ஆணி இல்லாங்காட்டி அது பம்பரமே இல்ல நைனா. கத்திரிக்கா."

உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மகள் தூங்கியதும் அரம் எடுத்து ஆணியை மொழுக்கென்று ராவி வைத்தேன். மறுநாள் அந்தப் பம்பரம் தரையில் விழுந்ததும் குடித்தவன் மாதிரி உருண்டு போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. மகள் மேலே வந்து பம்பரத்தை என் மடியில் போட்டாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

சரி, ஆணி இருந்துவிட்டுப் போகட்டும், முறைப்படி சொல்லிக் கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். புது ஆணி அடித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார்டில் போடும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தேன். சாட்டையை எப்படிச் சுற்றுவது, பம்பரம் விடும்போது எதிரே யாரும் ஏன் நிற்கக் கூடாது, எல்லாம் விளக்கினேன். "வட்டத்துக்குள்ள எவனும் கால் வெக்கக் கூடாது" என்று சொல்லி, தரையில் போட்டிருந்த வட்டத்தைக் காட்டுவதற்காக என் காலை அதற்குள் வைத்தேன். ரப்பர் செருப்பு போட்ட கால். நான் பேசி முடித்துவிட்டதாக நினைத்து மகள் பம்பரத்தை விட்டாள்.

நான் போட்ட கூச்சலில் மாடி ஜன்னல்களெல்லாம் திறந்தன. ரத்தத்தைப் பார்த்து நான் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் சம்ப் மூடி மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி இறங்கி வந்து விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா யா இந்தக் கூவு கூவுன? நாலு தெருவு கூடிப் போச்சி."

"ஆணி முழுசா உள்ள பூந்துட்ச்சி."

"தோல் தான் யா பேந்துகீது. எழுந்துரு, டி.டி. ஊசி போட்டுக்கலாம். இவுருதான் ஊருக்கே சேஃப்டி சொல்லித் தராராம்!"

ஊசி போட்ட இடமும் வலித்தது. ஆனால் அதைவிட, அந்த ஆணி என் விரலுக்குப் பதிலாக ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டிருந்தால் என்ற நினைப்புதான் ராத்திரி முழுக்கக் குடைந்தது. அந்தப் பயம் பொய்யில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் கோமாளித்தனம்.

அடுத்த நாள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். கட்டுப்போட்ட காலை ஒரு நாற்காலி மேல் நீட்டி எல்லோருக்கும் காட்சிக்கு வைத்தேன். எங்கள் கட்டிடத்தில் வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஆலையிலோ துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்தவர். விபத்து என்றால் என்ன என்று தெரிந்தவர்கள். சரியான ஏற்பாடு செய்கிற வரைக்கும் பின்பக்கம் விளையாட்டு கிடையாது என்று ஒரே பேச்சில் முடிவானது. நான் அதோடு விட்டேனா? யார்டு வழக்கத்தையும் கொண்டு வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு மெஷினைப் பழுது பார்க்கும்போது அதன் சுவிட்சைப் பூட்டி, ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவோம். பூட்டியவனின் போட்டோவும் அதில் ஒட்டியிருக்கும். பூட்டியவன்தான் அதைத் திறக்க வேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. உள்ளே ஒருவன் கை விட்டிருக்கும்போது வெளியே இன்னொருவன் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நான் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, 'அபாயம், திறக்காதே' என்ற அட்டையை என் போட்டோவோடு மாட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

யார்டில் கப்பல் சரக்கு வந்து குவிந்த நேரம். ஒரு வாரத்துக்கும் மேலாக டபுள் ஷிஃப்ட். வீட்டுக்கு வந்தால் மகள் தூங்கியிருப்பாள். முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறதா என்று போர்வையை விலக்கிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஆகா, நம்முடைய ஏற்பாடு வேலை செய்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு படுப்பேன். மனைவிக்கும் அப்போது மதிய ஷிஃப்ட். சாயங்காலம் கீழ் வீட்டில் இருக்கிறேன் என்று அவளிடம் மகள் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே பைக்கில் வந்துகொண்டிருந்தேன். கடற்கரையோர எக்ஸ்பிரஸ் சாலையில் வழக்கம்போல டிரெய்லர்கள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. எங்கள் தெரு திரும்பும் இடத்துக்கு அருகில், இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே, சாலை ஓர மண்ணில் குச்சியால் ஒரு வட்டம் போட்டிருந்தது. சுற்றிலும் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள், மீனவர் தெருப் பிள்ளைகள். முன்னால் நின்ற டிரெய்லரின் பின்சக்கரத்தடியில் குந்திக்கொண்டு, உருண்டு போன பம்பரத்தை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள் என் மகள்.

டிரெய்லருக்குப் பின்னால் நிற்காதே, டிரைவர் கண்ணுக்கு நீ தெரிய மாட்டாய். தினமும் காலையில் நான் சொல்கிற முதல் வாக்கியம் அதுதான்.

பிரேக் விடுகிற காற்றுச் சத்தம் புஸ்ஸென்று கேட்டது. வரிசை நகரப் போகிறது. விரலில் ஆணி குத்தியதற்கு நாலு தெருவைக் கூட்டியவனுக்கு அந்த நேரத்தில் ஒரு சத்தம்கூட வரவில்லை. பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். அதற்குள் பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். மகள் பம்பரத்தோடு துள்ளி வெளியே வந்தாள். முன்வண்டியின் சக்கரம் அவள் குந்தியிருந்த இடத்தில் முதலில் கொஞ்சம் பின்வாங்கி, அப்புறம் முன்னால் போனது.

ஹாரன் அடித்த டிரைவர் இறங்கி வந்தார். தென்மாவட்டத்துக்காரர்.

"யாரு பெத்த பிள்ளைகய்யா இது? விளையாட வேற இடமே கிடைக்கலியா?"

"எடம்லாம் கீது," என்றாள் மகள், மூச்சு வாங்கிக்கொண்டே. என்னைக் கை காட்டினாள். "இவுருதான் பூட்டு போட்டு வெச்சிகீறாரு."

டிரைவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மஞ்சள் சட்டை. முதுகில் 'பாதுகாப்பே முதல்' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். நல்லவேளை, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்துவிட்டேன்.

மகளை இறுக்கிப் பிடித்த கையை வீடு வரைக்கும் விடவில்லை. அவளும் உதறவில்லை. நேராகச் சங்கச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"சார், புள்ளைங்க ரோட்டுக்குப் போவுதுங்கன்னு தெரியாதா? நீங்களாச்சும் பூட்ட ஒடச்சி வுட்டுருக்கலாம்ல?"

"இன்னா தம்பி பேசற? செவப்பு அட்ட தொங்குது, உன் மூஞ்சி ஒட்டிகீது. மாட்டுனவன் தான கய்ட்டணும்? காலம் பூரா அப்டியே பயகிட்டேன். புள்ளைங்க வந்து கெஞ்சிச்சிங்க. சுத்தி எடுத்துகினு கேட்டாண்ட வரைக்கும் போனேன். கை போவல. மூணாவது மாடிக்காரரும் போய்ப் பாத்துட்டுத் திரும்பிட்டாரு. உனுக்குப் போன் போட்டேன், நீ எடுக்கல."

யார்டுக்குள் போனை எடுக்கக் கூடாது. அதுவும் நான் போட்ட விதிதான்.

வேறு ஊராக இருந்தால் யாராவது பூட்டை உடைத்துத் தொலைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் என் கட்டளையை ஒட்டுமொத்தக் கட்டிடமும் மதித்தது. என் சொல்லுக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான். அதனால்தான் பிள்ளை சக்கரத்தடிக்குப் போனாள். யார்டில் இதே விதிக்கு இன்னொரு பாதி உண்டு. பூட்டியவன் சாவியோடு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வேலை முடிகிற வரை அங்கேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் சாவியை இன்னொருவர் பொறுப்பில் விட வேண்டும். எனக்குப் பூட்டுகிற பாதிதான் பிடித்திருந்தது.

கேட்டைத் திறக்கப் போனேன். அட்டையில் என் போட்டோவுக்கு யாரோ கொம்பும் வாலும் வரைந்திருந்தார்கள். போட்டோ கழுத்தோடு முடிந்துவிடுவதால் வால் காதிலிருந்து கிளம்பியது.

உள்ளே போய் அந்த இடத்தை முதன்முறையாக ஒழுங்காகச் சுற்றிப் பார்த்தேன். சம்ப் மூடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அதே மூடி. அடியில் ஆள் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர். ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை. மறுநாள் லீவு போட்டு, ஆளைக் கூட்டி வந்து கனமான இரும்பு மூடி மாற்றும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். வரிசையில் நிற்க வைக்கவில்லை. ரோட்டுப் பக்கம் ஆடக் கூடாது, பம்பரம் ஆட வருகிறவர்கள் ஷூ போட்டு வர வேண்டும், இந்த இரண்டுதான் கேட்டேன்.

"ஷூ இல்லாதவங்க?" என்றாள் மீனவர் தெருப் பெண்.

அதை நான் யோசிக்கவில்லை. மகள்தான், "ஷூ இல்லாதவங்க கோட்டுக்கு அந்தாண்ட நின்னு வுடட்டும்" என்று காலால் தூரமாக ஒரு கோடு இழுத்தாள். என் மூளையில் உதித்த எந்த ஏற்பாட்டையும் விட அது உருப்படியாக இருந்தது. சாயங்காலத்துக்கு ஒரு பெரியவர் அங்கே உட்காருவது என்று முறை வைத்தோம். நான் ஷிஃப்ட்டில் இருக்கும் நாளில் செயலாளர், அவருக்கு முடியாவிட்டால் மூணாவது மாடிக்காரர். மனைவிக்கு லீவு நாளென்றால் அவள். அவள் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அவளே பம்பரம் விட ஆரம்பித்துவிடுவாள்.

நேற்று என் முறை. பம்பரத்தைச் சுழல விட்டுச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிப்பதற்கு அபீட் என்று பெயர். கடைசியாகப் பிடிப்பவர் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் குத்துவார்கள். மகள் அபீட் எடுக்க ஓடிய வேகத்தில் சறுக்கி முழங்காலில் விழுந்தாள். நான் நாற்காலியிலிருந்து எழ ஆரம்பித்தேன்.

"ஒக்காரு நைனா," என்றாள் திரும்பிப் பார்க்காமலே. குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். ரத்தம் கொஞ்சம் கசிந்தது. அவள் பம்பரம் வட்டத்துக்குள் போய், வரிசையாகக் குத்து வாங்கியது. பச்சை வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. அடுத்த ஆட்டத்தில் சாட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கிக் கொண்டு அவள் விட்ட பம்பரம் ஒரே இடத்தில் நின்று, அசைகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி சுழன்றது. அதைச் சாட்டையால் தூக்கி, உள்ளங்கையில் ஏந்தி, என் பக்கம் நீட்டிக் காட்டினாள். உள்ளங்கையில் ஆணி சுற்றிக்கொண்டிருந்தது.

"கூசுது நைனா," என்று சிரித்தாள்.

இருட்டி, பிள்ளைகள் கலையும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பாதி எழுந்ததெல்லாம் எழுந்ததில் சேராது.