மூன்றாவது சாட்சி

உங்கள் மனைவி பொய் சொல்கிறாள் என்று நம்ப உங்களுக்கு எத்தனை சாட்சிகள் வேண்டும்? ரகுநாதனுக்கு இரண்டு போதுமானதாக இருந்தது.

ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனை அவர் வேலை. மூன்று முறை சோதிக்காமல் எதையும் வெளியே விடமாட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருடம். அந்த ஆண்டு தமிழ்ச் சங்க நாடகத்தில் அவர்தான் அரசன். மந்திரியின் பேச்சை நம்பி மனைவியைக் கொன்றுவிட்டு, பிறகு உண்மை தெரிந்து கதறுகிற அரசன். "இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?" என்று ஒத்திகையில் சிரித்தார்.

அந்த வேடத்துக்கு ஆசைப்பட்டு மந்திரியாகிப்போனவன் பத்ரி. அலுவலகத்தில் பக்கத்து மேசை. மாரெட்பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் ரகுநாதனின் மனைவி பத்மப்ரியாவைத் தங்கச்சி என்றுதான் சொல்வான்.

"ரகு, தப்பா நெனைக்காதே. தங்கச்சி ஸ்கூல்ல மனோஜ்னு ஒரு வாத்தியார் இருக்காராமே? வெள்ளிக்கிழமை மாரெட்பள்ளில ரெண்டு பேரையும் ஒரே ஸ்கூட்டர்ல பார்த்தேன். நீ ராஜா, நான் வெறும் மந்திரி. சொல்றது என் கடமை."

ஞாயிற்றுக்கிழமை ரகுநாதன் மாரெட்பள்ளிக்குப் போனார். அவள் பள்ளிக்கு எதிரே சீருடை தைக்கும் சலீமிடம் மனைவியைப் பற்றி விசாரித்தார்.

"மேடம்? மனோஜ் சாப் கே சாத் பர்சோ ஆயே தே நா! யூனிஃபார்ம் துணி பார்க்க."

மனோஜோடு பர்சோ வந்தார்கள் என்கிறான். ஊரில் பரீட்சை எழுதிப் படித்த இந்தியில் பர்சோ என்றால் முந்தாநாள். வெள்ளிக்கிழமை. பொருந்திவிட்டது.

மல்காஜ்கிரி வீட்டில் பத்மப்ரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மனோஜ்கூட எங்கடி போனே?"

"ஸ்கூல்ல பேப்பர் திருத்தினேனுங்க. மனோஜ் வேலைய விட்டு விசாகப்பட்டினம் போயி எட்டு மாசமாச்சு! யாருங்க இப்படிச் சொன்னது?"

அவர் அவள் கைப்பேசியைப் பிடுங்கினார். அவளைப் படுக்கையறைக்குள் தள்ளி வெளியே தாழிட்டார்.

அவள் கதவில் காதை வைத்தாள். சமையலறை இழுப்பறை திறந்தது, கத்திகள் குலுங்கின. காலடி கதவு வரை வந்து நின்றது. நாடகத்தில் அரசன் நிற்கும் இடம் அது. அந்த வசனத்தைப் பிரதி பார்த்து அவருக்கு மனப்பாடம் செய்வித்ததே அவள்தான். அடுத்த வரி அவளுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

காலடி விலகியது. வாசற்கதவு சாத்தப்பட்டது. அவள் இரண்டு கைகளாலும் அறைந்தாள், கத்தினாள். அந்த மாடியில் இன்னும் மூன்று வீடுகள். ஒரு வீட்டில் டிவி சத்தம் கூடியது.

ரகுநாதன் பையில் கத்தியோடு சலீமிடம் நின்றார். மனோஜின் முகவரி வேண்டும்.

"மனோஜ் சாபா? அவர் வைசாக் போயி ரொம்ப நாளாச்சே."

"பர்சோ வந்தாங்கன்னு சொன்னியே!"

"ஹவ், ஆமா சாப், பர்சோவிச். போன வருஷம் ஸ்கூல் ஓபனிங் டைம்ல."

உருது கலந்த இந்த ஊர் இந்தியில் பர்சோ என்றால் போன வாரமாகலாம், போன வருடமாகவும் ஆகலாம்.

திரும்பி வந்து அவர் தாழ்ப்பாளை நீக்கியபோது அவள் மூலையில் நின்றிருந்தாள், கையில் கத்தரிக்கோல்.

"பிரியா, அந்த பர்சோ..."

"கிட்ட வராதீங்க."

செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவர் எழுதும் மன்னிப்புக் கடிதங்களைப் பிரிப்பதில்லை. அரசன் வேடத்தைப் பத்ரி போட்டான், நல்ல கைதட்டலாம்.

ஒரு சொல்லின் மேல் பழி போடாதீர்கள். மூன்றாவது சாட்சி வீட்டிலேயே இருந்தாள், உண்மையையும் சொன்னாள். அவளை அவர் சாட்சியாகவே எண்ணவில்லை. அந்த மூன்று வீடுகளும் எண்ணவில்லை.

உங்கள் மாடியில் கதவை யாராவது உள்ளிருந்து அறைந்தால், டிவியை நிறுத்துங்கள். போய் மணியை அடியுங்கள். திறக்கும்வரை அடியுங்கள்.