நெய்வேலிக்கு முன்னால் வளைந்த தண்டவாளம்

2016 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. பகல் 12.40க்கு விருத்தாசலம் சந்திப்பில் கடலூர் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பயணம்.

1.05. நெய்வேலிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றது. இறங்கிப்போன கார்டு, “தண்டவாளம் வெயில்ல வளைஞ்சிகிச்சிங்க. சரி பண்ற கேங்க் வந்துகினு இருக்கு” என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் ஸ்டெல்லா; நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். “ரெண்டு மணி ஷிப்டுங்க. லேட்டுன்னா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார்.

நான் பேசத் தொடங்கினேன். இரும்பு சூட்டில் நீளும்; அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடவேண்டும்; இங்கே எங்கும் இடைவெளியே காணோம். பெட்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் வெளியே கருவேல மர நிழலில் ரயில்வே ஆரஞ்சுச் சட்டை போட்ட தண்டவாள ஊழியர் ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்தேன். முகத்தில் துண்டு.

“தண்டவாளம் வெயில்ல காயுது, பாக்க வேண்டிய ஆளு நெழல்ல தூங்குறாரு பாருங்க!” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் புகார் எழுதினேன். தேதி, மணி, ‘பணி நேரத்தில் நிழலில் உறங்கினார்’ என்ற வரி, எதுவும் விடவில்லை. என்னோடு சேர்த்து ஒன்பது கையெழுத்து. 1.40க்குத் திரும்பி வந்த கார்டிடம் கொடுத்தேன்; படிக்காமலே பையில் வைத்துக்கொண்டார்.

2.25. வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. பாம்பு நெளிந்ததுபோல் இருந்த இடத்தைக் கடப்பாரையால் நெம்பி, தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஜல்லியைக் குவித்திருந்தார்கள். “இடைவெளி விடலையா?” என்று ஜன்னல் வழியே கேட்டேன்.

கேங்கில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். “இது நீளமா வெல்டிங் வெச்சதுங்க, இடைவெளியே கெடையாது. ஜல்லியும் அடியில இருக்கற கட்டையும்தான் இறுக்கிப் புடிச்சிகினு இருக்கும். ஜல்லி கொறஞ்சா சூட்டுல பக்கவாட்டுல துள்ளிடும்.”

“அங்கே படுத்திருந்தவர்?”

“ஆறுமுகம் அண்ணனா? அவருதான் வளைஞ்சத மொதல்ல பாத்தது. வண்டிய நிறுத்தச் செவப்புக் கொடிய தூக்கிகினு ஒரு கிலோமீட்டர் ஓடியாந்தாரு. கொடிய நட்டதும் மயக்கம். டிரைவர்தான் தூக்கினு போயி நெழல்ல படுக்க வெச்சி, துண்ட நனைச்சி மூஞ்சில போட்டாரு.”

ஈரத் துண்டு. அதைத்தான் உறக்கம் என்று எழுதியிருந்தேன்.

2.45, நெய்வேலி நிலையம். கார்டு கொடுத்திருந்த என் தாள் நிலைய அதிகாரியின் மேசைமேல் இருந்தது. “போன்ல மேல சொல்லிட்டேங்க. ஆறுமுகம் விளக்கம் எழுதிக் கொடுத்தப்புறந்தான் டூட்டி” என்றார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு இன்னொரு தாள் எழுதினேன். வாங்கிப் பார்த்தார். “இதையும் அனுப்பறேன் சார். ஆனா அதுல ஒம்போது கையெழுத்து இருக்கு. இதுல ஒண்ணுதான்.”

கையெழுத்துப் போட்டவர்களைத் தேடி வெளியே ஓடினேன். ரயிலும், வாசலில் நின்ற மந்தாரக்குப்பம் பஸ்ஸும் போய்விட்டிருந்தன. ஸ்டெல்லாவைத் தவிர மற்ற ஏழு பேரின் பெயரையும் நான் கேட்கவில்லை. தாளில் இருந்தவை வாசிக்க முடியாத கிறுக்கல்கள்.

சனிக்கிழமை காலை 6.50 வண்டியில் திரும்பினேன். அந்த இடத்தில் தண்டவாளம் குளிர்ந்து நேராகக் கிடந்தது. கருவேல மரத்தடியில் யாரும் இல்லை. நோட்டில் அன்றைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்: நின்ற நேரம் 1.05, கிளம்பிய நேரம் 2.25. எண்பது நிமிடம். ரயிலிலிருந்து அந்த மரத்துக்கு முப்பது அடிகூட இராது.


நான் இறங்கி நடக்கவில்லை.