கொட்டகைக்குக் கூவி அழைத்தவர்

ஜப்பான் சண்டைக்கு முன்னால் மலாக்காவில் எந்த நாடகம் வந்தாலும், எந்தப் படம் ஓடினாலும் முதலில் தெருவுக்கு வருவது அப்பாசாமியின் குரல்தான். கையில் தகரத்தில் செய்த நீளக் குழல். தோளில் ஒரு சிறு பறை. காஜா பேராங்கில் தன் வீட்டு வாசலிலிருந்து கூவத் தொடங்கினாரென்றால் ஆற்றங்கரைக் கடைவீதி வரைக்கும் நிற்காமல் போவார். மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் பக்கம் வந்ததும், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசித் தமிழ் மறந்துபோன அவர்களுக்காக, "மாரி, மாரி, தெங்கோ வாயாங்" என்று மலாய்க்கு மாறிக் கூத்துப் பார்க்கக் கூப்பிடுவார். சீனக் கோயிலில் கூத்து நடந்தால் அதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கென்று ஹொக்கியன் சீனத்தில் நாலு வார்த்தை வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. பொய் சொல்லிக் கூட்டம் சேர்க்க மாட்டார். ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து வந்த கம்பெனியில் ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்கு அப்பாசாமி, "ராஜாவுக்குக் குரல் இல்ல, பபூனுக்காக வாங்க" என்று கூவிக்கொண்டே போனார். கம்பெனி முதலாளி அடிக்க வந்தார். ஊர் சிரித்தது. அப்படியும் கொட்டகை நிறைந்தது. அப்பாசாமி நல்லாயிருக்கு என்றால் நல்லாயிருக்கும் என்று புக்கிட் ரம்பாய்த் தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்கள்கூட நம்பினார்கள்.

ஜப்பான்காரன் வந்தபிறகு கூத்தும் இல்லை, கூவலும் இல்லை. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு அடுப்பேறியது. அப்பாசாமி வீட்டுக்குப் பின்னால் கிழங்கு நட்டார். அவர் மனைவி பொன்னம்மா அதை அவித்து, அரைத்து, தட்டி, எத்தனை விதமாகச் செய்ய முடியுமோ அத்தனை விதமாகச் செய்து பார்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பொன்னம்மாவின் தம்பி ராஜரத்தினம்தான் பிள்ளை. தாய் இறந்தபோது அவனுக்கு நாலு வயது. அக்காள் இடுப்பிலேயே வளர்ந்தான். இப்போது புக்கிட் ரம்பாய் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரன், இருபத்திரண்டு வயது, நாடகப் பைத்தியம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் அவனும் நாலைந்து பேரும் தோட்டத்தை ஒட்டிய கிழங்குக் கொல்லையில் குடிசை போட்டு ஒளிந்துகொண்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றின் நடுவில் தேவதாஸ் வந்தான். முன்பு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். இப்போது ஜப்பான்காரர்களுக்குத் துபாஷி. ஊரில் மறுபடியும் கலைநிகழ்ச்சிகள் நடக்கப்போவதாகச் சொன்னான். பழைய படக்கொட்டகையில் நாடகம், நடனம், பாட்டு. தோட்டத்து ஜனங்களுக்கு அனுமதி இலவசம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சுண்டு அரிசி. அப்பாசாமி கூவ வேண்டும்.

அப்பாசாமி அவனை உள்ளே உட்காரவைத்து நேராகக் கேட்டார்.

"தேவதாசு, இது நெசமா கூத்துதானா? வேற எதுவும் இல்லையே?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க. பாடுறதுக்கு சிரம்பான்லேர்ந்து ஆளு வருது. நான் சொல்றேன்ல."

பாடகிகள் பேரைக்கூடச் சொன்னான். அப்பாசாமி தகரக் குழலைத் துடைத்து எடுத்தார். உண்மையில் அவருக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு தெருவில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் நாள் புக்கிட் ரம்பாய்ச் சாலையில் கூவிக்கொண்டு போகும்போது ராஜரத்தினம் கொல்லைக்குள்ளிருந்து வெளியே வந்தான். தாடி வளர்ந்து, சொறி பிடித்து, அடையாளமே தெரியவில்லை.

"மாமா, வரலாமா?"

"வாடா. நான் கேட்டுட்டுத்தான் கூவுறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவன் சிரித்துக்கொண்டே மறுபடி கொல்லைக்குள் போனான்.

நிகழ்ச்சி, ஜப்பான்காரன் மாற்றிவைத்த டோக்கியோ நேரப்படி, ஐந்து மணிக்கு. சூரியனைப் பார்த்தால் மூன்று மணி. கொட்டகை நிறைந்து வழிந்தது. மேடையில் ஒரு பெண் பாடினாள். இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது கதவுகளை வெளியிலிருந்து சாத்தினார்கள். பெண்களையும் கிழவர்களையும் பக்கவாசல் வழியாக அனுப்பிவிட்டு, மற்றவர்களைப் பின்புறம் நின்ற லாரிகளில் ஏற்றினார்கள். அங்கிருந்து தம்பின் ஸ்டேஷன், தம்பினிலிருந்து சயாமுக்கு ரயில். வெளியில் நின்ற அப்பாசாமிக்கு விஷயம் புரிந்து பின்பக்கம் ஓடியபோது கடைசி லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து யாரோ அவர் பேரைச் சொல்லித் திட்டினார்கள். ராஜரத்தினத்தை அவர் பார்க்கவில்லை.

தம்பியும் லாரியில் போனான் என்று பொன்னம்மாவுக்கு மறுநாள் செய்தி வந்தது. அவள் மண்ணில் விழுந்து அழுதாள். ஒளிந்திருந்தவன் ஏன் வந்தான், யார் பேச்சைக் கேட்டு வந்தான் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். சாலையில் நடந்ததை அப்பாசாமி சொல்லவில்லை. சொல்ல வாய் திறப்பார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வார்.

அடுத்த மாதம் தேவதாஸ் மறுபடி வந்தான். இந்த முறை கூடவே ஒரு சிப்பாயும். அதே கொட்டகை, அதே இலவசம். தேவதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அப்பாசாமி மறுபேச்சில்லாமல் கிளம்பினார்.

தெருவுக்கு வந்ததும் பறையைத் தட்டினார். வழக்கமான அதே ராகம், அதே இழுப்பு. ஆனால் கூவியது இது:

"போன மாசம் இதே கொட்டகைக்குப் போனவங்க சயாமுக்குப் போயிட்டாங்க. ஒருத்தரும் திரும்பல. யோசிச்சு வாங்க, பெரியோர்களே, யோசிச்சு வாங்க."

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு நடந்தான். தேவதாசுக்குத் தெரியும். அவன் முகம் வெளுத்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவன் போலப் பின்னாலேயே வந்தான். காஜா பேராங்கிலிருந்து புக்கிட் பாரு வரைக்கும் அப்பாசாமி அதையே கூவினார். வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அன்று கொட்டகைக்கு வந்தவர்கள் பதினோரு பேர், எல்லாரும் கிழவர்கள். அப்பாசாமியைப் பிடித்துப்போய் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது கீழ்த்தாடை உடைந்திருந்தது. அது கோணலாகவே கூடியது. அதற்குப் பிறகு அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் புரியும். ஊர் அவரை மன்னித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். கிழங்கும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

சண்டை முடிந்து நாலாவது மாதம் கலியாணசுந்தரம் என்பவர் காஜா பேராங்குக்கு வந்து வீட்டை விசாரித்தார். சயாமிலிருந்து உயிரோடு வந்தவர்; காலில் பெரிய புண். பொன்னம்மா முதலில் அவருக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கைகழுவியபிறகுதான் அவர் சொன்னார். ராஜரத்தினம் வாந்திபேதியில் போய்விட்டான்; மழைக்காலம், ஆற்றோரம், எல்லாரையும் சேர்த்துத்தான் எரித்தார்கள்.

பிறகு அப்பாசாமி பக்கம் திரும்பினார்.

"அங்க எல்லாரும் உங்களத்தான் ஏசினோம். நானும் ஏசினேன். அவன் மட்டும் விடமாட்டான். எங்க மாமா கேட்டுட்டுத்தான் கூவினாரு, எங்கிட்டயே சொன்னாரு, அவருக்குத் தெரிஞ்சிருந்தா என்னை வரச் சொல்லியிருக்க மாட்டாருன்னு சண்டைக்கு நிப்பான். அத ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன்."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

பொன்னம்மா எச்சில் தட்டைக் கழுவினாள். அடுப்படியைத் துடைத்தாள். வெகுநேரம் கழித்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன் ஒங்ககிட்டக் கேட்டானா?"

அப்பாசாமி ஆமென்று தலையசைத்தார்.

"அன்னைக்கு எதாச்சும் சாப்பிட்டிருந்தானா?"

அது அவருக்குத் தெரியாது. சாலையில் நின்றவனிடம் அவர் அதைக் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்ல முயன்றார். வார்த்தை குழறி வேறென்னவோ சத்தமாக வெளியே வந்தது. பொன்னம்மா அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

அதன்பின் பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் அதே வீட்டில் இருந்தார்கள். அவர் நகராட்சியில் புல் வெட்டப் போனார். அவருக்குக் கடித்து மெல்ல வராது என்பதால் அவள் சோற்றைக் குழையவே வடித்தாள்; காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே இருந்தாள். ஊரில் மறுபடி நாடகங்கள் வந்தன. கோயில் விழாக்கள் நடந்தன. எதற்கும் இருவரும் போகவில்லை. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் பொன்னம்மா தம்பியின் பேரை அவர் எதிரில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லி அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்பாசாமிக்குத் தோன்றியதுண்டு. அதைக் கேட்கத்தான் அவருக்கு வாயில்லை.